பதினான்கு மாதங்களுக்குப் பிறகு வந்த தளர்ச்சி

கேள்வி: எனக்கு வயது 38. பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். 2018 கஜா புயலில் எங்கள் தோப்பில் நின்ற 110 தென்னையில் 70 சாய்ந்துவிட்டன. என் கணவர் மனம் தளராமல் மறு ஆண்டே கன்று வாங்கி நட்டார். பதினான்கு மாதங்களுக்கு முன் மாரடைப்பில் அவர் போய்விட்டார். ‘பிள்ளைகளுக்காக நீதான் தைரியமாக இருக்க வேண்டும்’ என்று எல்லோரும் சொன்னதால் யார் முன்னாலும் நான் அழுததில்லை. இப்போதுதான் நிலைகுலைந்து போகிறேன். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. பட்டா மாற்ற வேண்டிய காகிதங்கள் அவருடைய பையிலேயே இருக்கின்றன, தொட முடியவில்லை. போன வாரம் பாலைச் சிந்திவிட்டாள் என்று பத்து வயது மகளை அடித்துவிட்டேன். அவள் அழாமல் தன் பாவாடையாலேயே தரையைத் துடைத்தாள். எனக்கு ஏன் மனத்திடம் இல்லை? அதை எப்படி வளர்த்துக்கொள்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்கு மனத்திடம் இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இந்தப் பதினான்கு மாதங்களும் உங்கள் வீட்டில் அடுப்பு எரிந்திருக்கிறது, பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருக்கிறார்கள், தோப்புக்குத் தண்ணீர் பாய்ந்திருக்கிறது. இவ்வளவையும் செய்துகொண்டே, அழுகை வெளியே தெரியாமல் அடக்கி வைக்கும் வேலையையும் நாள்தோறும் செய்திருக்கிறீர்கள். உங்களைக் களைக்க வைத்தது அந்த வேலைதான் என்று நினைக்கிறேன்.

‘இப்போதுதான்’ என்று நீங்கள் எழுதிய சொல்லில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். இத்தனை நாள் தாங்கிவிட்டு இப்போது தளர்வது உங்களுக்கே வெட்கமாக இருக்கிறது போலும். தென்னையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்றை நினைவுபடுத்துகிறேன். ஒரு பாளை குருத்துக்குள் கருக்கொண்டு வெளியே வந்து வெடிக்க ஏறத்தாழ 32 மாதங்கள் ஆகின்றன. அதில் காய் முற்றுவதற்கு மேலும் ஓர் ஆண்டு ஆகிறது. அதனால்தான் கடும் வறட்சி வந்த ஆண்டில் ஓரளவு காய்த்துக்கொண்டிருக்கும் மரம், மழை நன்றாகப் பெய்த பின்வரும் ஆண்டுகளில் காய்ப்புக் குறைந்து நிற்கிறது. அதைப் பார்த்து மரம் கெட்டுவிட்டது என்று உங்கள் ஊரில் யாரும் வெட்டுவதில்லை. உரமும் தண்ணீரும் வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். உங்கள் மனத்துக்கும் அந்த அவகாசத்தைக் கொடுங்கள்.

துக்கம் விசாரிக்க வந்த பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்து அழுத வழக்கத்தை நாம் நாகரிகக் குறைவு என்று எண்ணத் தொடங்கிய பிறகு, பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வீட்டுப் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். ‘தைரியமாக இரு’ என்று சொன்னவர்கள் உங்கள்மீது அன்பு உள்ளவர்களே. ஆனால் அந்த அறிவுரை உங்களைத் தனியாக விட்டுவிட்டது. உங்கள் அம்மாவோ, அக்காவோ, பக்கத்து வீட்டுப் பெண்ணோ, யாரிடம் பேசினால் நடுவில் குறுக்கிட்டு ஆறுதல் சொல்ல மாட்டார்கள் என்று தோன்றுகிறதோ, அவர் ஒருவரிடம் இந்த வாரமே உட்கார்ந்து, உங்கள் கணவர் போன அன்று நடந்ததை முதலிலிருந்து சொல்லுங்கள். அழுகை வந்தால் வரட்டும்.

பிள்ளைகளைப் பற்றிய பயம் உங்கள் கடிதம் முழுவதும் தெரிகிறது. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்து வந்தார்கள். வறுமை, வீட்டுச் சண்டை, பெற்றோரின் குடிப்பழக்கம் அல்லது மனநோய் எனப் பல இன்னல்கள் ஒருசேர அமைந்த வீடுகளில் வளர்ந்தவர்களில்கூட மூன்றில் ஒரு பங்கினர் அன்பும் தன்னம்பிக்கையும் உள்ள பெரியவர்களாக உருவானார்கள். அவர்களுடைய வாழ்க்கையில் திரும்பத் திரும்பக் காணப்பட்டது, தங்களை உளமார ஏற்றுக்கொண்ட ஒரு பெரியவரின் துணை. பலருக்கு அந்தப் பெரியவர் தாயோ தந்தையோ அல்லர்; பாட்டியோ, உறவினரோ, ஆசிரியரோ, அண்டை வீட்டாரோதான். ஆகவே எல்லாப் பாரத்தையும் நீங்கள் ஒருவரே சுமந்தால்தான் பிள்ளைகள் நன்றாக வளர்வார்கள் என்பதில்லை. அவர்களுக்குத் தாத்தாவோ மாமாவோ இருந்தால், மாலையில் ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு இருக்கும்படி வாய்விட்டுக் கேளுங்கள். கேட்கப்படாததால்தான் பலர் ஒதுங்கி நிற்கிறார்கள்.

காகிதங்கள் விஷயத்தில் உங்களை நான் அவசரப்படுத்த மாட்டேன். ஆனால் அவை அந்தப் பைக்குள் இருக்கும்வரை, ஒவ்வொரு நாளும் உங்களை அவை கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். நம்பிக்கையான ஒருவரை வீட்டுக்கு வரச்சொல்லி, பையை அவர் பிரிக்கட்டும். இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பதோடு அன்றைய வேலையை நிறுத்திக்கொள்ளுங்கள். பட்டா மாற்றம் பிறகு வரட்டும்.

மூன்று மணி விழிப்பை அலட்சியம் செய்யாதீர்கள். தூக்கம் வாரக்கணக்கில் கெட்டிருந்தாலோ, சாப்பாடு இறங்காவிட்டாலோ, ‘நானும் போய்விட்டால் என்ன’ என்ற எண்ணம் ஒரு முறை தலைகாட்டினாலோ, மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குத் தயங்காமல் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல ஆலோசனைச் சேவை) எண்ணில் இரவு எந்த நேரத்திலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். இந்த எண்ணை இப்போதே உங்கள் போனில் பதிந்து வையுங்கள்.

மகளிடம் இன்றே பேசுங்கள். அடித்தது தவறு, பால் சிந்தியதற்கும் அம்மாவின் கோபத்துக்கும் தொடர்பில்லை, அம்மாவுக்கு அப்பாவின் நினைவு தாங்க முடியாமல் போகிறது என்று மறைக்காமல் சொல்லுங்கள். அழாமல் தரையைத் துடைத்த அந்தக் குழந்தை உங்களைப் பார்த்துத்தான் அப்படி இருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். உங்கள் கணவர் 2019இல் நட்ட கன்றுகள் பாளை விடும் பருவத்தை எட்டியிருக்கும். ஒரு நாள் மாலை வெயில் தாழ்ந்ததும் அவளைத் தோப்புக்கு அழைத்துக்கொண்டு போய், எந்தெந்த மரம் அப்பா நட்டது என்று காட்டுங்கள். அங்கே உங்களுக்கு அழுகை வந்தால், அவள் பார்க்கட்டும்.