தோட்டப்புற ஊர்களில் பயம் பெண்பிள்ளைகளுக்கு மட்டுமா?

மலேசியாவின் தோட்டப்புறச் சிற்றூர்களில் வளரும் இளையோரில் தங்களுக்குப் பாதுகாப்பில்லை என்று அதிகம் நினைப்பது பெண்களா, ஆண்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் வளர்ந்தவள். கூலிம் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். பயம் இரு தரப்புக்கும் உண்டு. பெண்ணின் பயத்தை வீடே கூடிப் பேசும். பையனின் பயத்தை அவனே பேசமாட்டான். அதனால்தான் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு முதலாவது மட்டும் கண்ணில் படுகிறது.

பாட்டி காலத்தில் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகள் ஒட்டி ஒட்டி வரிசையாக இருந்தன. யார் வீட்டுப் பெண் எத்தனை மணிக்கு எங்கே போனாள் என்பது மறுநாள் காலையில் தொழிலாளர்களுக்குப் பேர் கூப்பிடும் பிரட்டுக்களம் வரை தெரிந்துவிடும். அந்தக் கண்கள் காவலும் காத்தன, மூச்சு முட்டவும் வைத்தன. தோட்டங்கள் கைமாறி, மக்கள் தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கும் மலிவு வீடுகளுக்கும் குடிபெயர்ந்த பிறகு காவல் போய்விட்டது, ஊர்ப்பேச்சு மட்டும் மிஞ்சியது. ரப்பர் இருந்த இடங்களில் இப்போது செம்பனை எனும் எண்ணெய்ப்பனை. ரப்பர் மரங்களுக்கு நடுவே தூரத்தில் வரும் ஆளும் தெரிவார். இளம் செம்பனையின் மட்டைகள் தரைவரை கவிந்து கிடப்பதால் பத்தடிக்கு அப்பால் யார் நிற்கிறார் என்றே தெரியாது. தொழிற்சாலை பஸ் பெரிய சாலைச் சந்திப்பில் இறக்கிவிட்டதும் அந்த ஓரமாகத்தான் நடக்க வேண்டும்.

ஆனால் எங்களில் பலருடைய வாயை அடைப்பது இருட்டு அல்ல, வீடு. ஒருவன் சில நாளாக மோட்டாரில் பின்னால் வருகிறான் என்று அப்பாவிடம் சொன்னால் அவனை யாரும் நிறுத்தப்போவதில்லை. நம்மைத்தான் வேலையிலிருந்து நிறுத்துவார்கள். என்னோடு வேலை பார்த்த சில பெண்கள் அப்படித்தான் நின்றுபோனார்கள். பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதைத் தண்டனைச் சட்டத்தின் 507ஏ பிரிவு 2023இல் குற்றமாக்கியது; மூன்றாண்டு வரை சிறை உண்டு. நல்ல சட்டம்தான். ஆனால் காவல் நிலையத்துக்குப் போன பெண் என்ற பெயர் கல்யாணப் பேச்சு வரை கூடவே வருகிறதே!

அரசும் வெகுகாலம் எங்கள் அப்பாக்களின் பக்கமே இருந்தது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 34ஆவது பிரிவு, இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை ஆலைகளிலும் தோட்டங்களிலும் பெண்களை வேலை வாங்கக் கூடாது என்றது. ஷிப்ட் முறையில் ஓடும் தொழிற்சாலைகள் விலக்குப் பெற்றுக்கொண்டன. 2022இல் கொண்டுவந்த திருத்தம் அந்தப் பிரிவையே நீக்கியது. 2023 ஜனவரி 1 முதல் தடை இல்லை. எங்கள் வீட்டில் அது இன்னும் அமலில் இருக்கிறது.

இனி தம்பி. அவனுக்கு வயது 19. எந்தத் தடையும் கிடையாது. எத்தனை மணிக்கு வந்தாலும் அவனுக்குச் சோறு மூடி வைத்திருக்கும். ஆனால் இரவில் மோட்டாரில் போகும் தமிழ்ப் பையனைச் சாலைத் தடுப்பில் போலீஸ் நிறுத்தினால், அடையாள அட்டைக்கு அடுத்த கேள்வி "எந்தக் கும்பல்?" என்பதுதான். சட்டைக் கையைத் தூக்கிப் பச்சை குத்தியிருக்கிறானா என்று பார்ப்பார்கள். 2013இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டு, உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் இந்தியர் என்றும் சொன்னது. கும்பல்களுக்குப் பெயராக இருக்கும் 08, 36 போன்ற எண்கள் போட்ட சட்டையை அம்மா கடையிலேயே திருப்பி மாட்டிவிடுவார். 1959ஆம் ஆண்டு குற்றத் தடுப்புச் சட்டத்தில் ஒருவனை வழக்கு விசாரணை இல்லாமல் இரண்டாண்டு வரை தடுத்துவைக்க இடமுண்டு. மறுபக்கம் கும்பலின் "அண்ணன்கள்". பள்ளியில் யாராவது அடித்தால் "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று வந்து நிற்பார்கள். சேர்ந்தால் அடித்தவன் மேல் இருந்த பயம் போய், எதிர்க் கும்பல் மேலும் போலீஸ் மேலும் பயம் வந்துவிடும்.

பையன் என்றால் தாங்கிக்கொள்வான் என்பது பள்ளியிலேயே தொடங்கிவிடுகிறது. 1959ஆம் ஆண்டுப் பள்ளிக் கட்டொழுங்கு விதிகளின்படி மாணவியைப் பிரம்பால் அடிக்கக் கூடாது, மாணவனை அடிக்கலாம். 2021 ஏப்ரலில் சிலாங்கூரில் 17 வயது மாணவி ஒருவர், வகுப்பில் ஆசிரியர் பாலியல் வல்லுறவைக் கேலியாகப் பேசினார் என்று டிக்டாக்கில் சொன்னது நாடெங்கும் பேசப்பட்டது. பையன்கள் தங்களுக்கு அப்படி நேர்ந்தால் புகார் செய்யாததற்குக் காரணம் அவர்களுக்கு அது பிடித்திருப்பதுதான் என்றும் அந்த ஆசிரியர் சொன்னதாக அவர் கூறியிருந்தார். இதைப் பெரும்பாலோர் கவனிக்கவே இல்லை. அப்படி ஏதாவது நேர்ந்த பையன் ஒருவன் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தால், அதற்குப் பிறகு யாரிடம் போய்ச் சொல்வான்? சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் இருவருக்கும் பொதுவானது என்பதையாவது பள்ளியில் சொல்லிக்கொடுக்கலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எனக்குக் காவலாக அந்தச் சந்திப்பில் மோட்டாரோடு நிற்கவைக்கப்பட்டவன் தம்பிதான். இருட்டில் தனியாக நிற்கும் பையனைப் பார்த்து ரோந்துக் கார் அவனருகே வந்து நின்றிருக்கிறது. பல மாதம் கழித்துத்தான் என்னிடம் சொன்னான். ஏனடா சொல்லவில்லை என்றதற்கு, "சொன்னால் உன்னை வேலைக்கு அனுப்பமாட்டார்கள் அக்கா" என்றான்.

பிறகு அங்கே இறங்கும் பெண்கள் சேர்ந்து பஸ் ஓட்டுநர் அண்ணனிடம் பேசினோம். முதலில் டீசல் கணக்குச் சொல்லி முணுமுணுத்தார். இப்போது தாமானுக்குள்ளேயே வந்து இறக்கிவிடுகிறார். தம்பி அந்நேரம் ஃபுட்சால் விளையாடப் போகிறான். அப்பா மட்டும் நான் பஸ் ஏறியதும் ஒரு முறை, இறங்குவதற்கு முன் ஒரு முறை போன் செய்வதை விடவில்லை. தம்பிக்கும் ஒரு போன் செய்யுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "அவன் ஆண்பிள்ளை, அவனுக்கு என்ன?" என்கிறார்.