செவ்வாயைக் குடிமாற்றியவர்

கேள்வி: ஜாதகப் பொருத்தத்துக்குப் பதிலாக மணமக்களின் மரபணுச் சோதனை ரிப்போர்ட்டைப் பார்க்க வேண்டும் என்று அரசாங்கமே கட்டாயமாக்கினால் என்ன? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: ஜாதகம் என்று எழுதிவிட்டீர்கள், அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். என் ஜாதகத்தில் செவ்வாய் ஏழாம் இடத்தில் இருந்தது. பெண் பார்க்கப் புறப்படுவதற்கு முதல் நாள் ராத்திரி, தாத்தா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பழுப்பேறிய நோட்டைப் பிளேடால் சுரண்டிச் செவ்வாயை மூன்றாம் இடத்துக்குக் குடிமாற்றினார். முப்பது வருடம் கழித்துப் பரணை ஒழித்தபோது என் மனைவி அந்த நோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஏழாம் கட்டத்தில் காகிதம் தேய்ந்து பொத்தலாகியிருந்தது. "தாத்தாவுக்குக் கை நடுக்கம் போலிருக்கிறது" என்றாள். அதற்குமேல் பேசவில்லை. தன் ஜாதகத்தை எடுத்துக் காட்டவும் இல்லை.

ரிப்போர்ட் மட்டும் தப்பிக்குமா? கிரேக்க நாட்டில் ஆர்கோமெனோஸ் என்றொரு ஊர். அரிவாள் செல் சோகை (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்துபோகும் பரம்பரை நோய்) உண்டாக்கும் மரபணு அங்கே பலருக்கு உண்டு. ஒருவரிடம் ஒற்றையாக இருந்தால் தொந்தரவில்லை. அப்பா, அம்மா இருவரிடமும் இருந்தால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. மருத்துவர்கள் ஊரையே சோதித்து, யார் யாரிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தார்கள். ஆரோக்கியமாக இருந்தவர்கள் ஒரே நாளில் கல்யாணச் சந்தையில் சொத்தையானார்கள். குடும்பங்கள் ரிசல்டை மறைத்தன. கடைசியில், சோதனையே நடக்காதிருந்தால் இருவரிடமும் அந்த மரபணு உள்ள ஜோடிகள் எத்தனை அமைந்திருக்குமோ, கிட்டத்தட்ட அத்தனையே அமைந்தன. ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் செய்வது நம் தனிச்சொத்து என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

சைப்ரஸ்காரர்கள் கெட்டிக்காரர்கள். அங்கே தொல்லை தலசீமியா, இதுவும் பரம்பரை ரத்த நோய்தான். 1980களில் சர்ச் திருமணத்துக்கு ஒரு சான்றிதழ் கேட்க ஆரம்பித்தது. அதில் 'சோதனை செய்துகொண்டார், ஆலோசனை பெற்றார்' என்று மட்டும் இருக்கும், முடிவு இருக்காது. அது ஜோடிக்கு மட்டும் தெரியும். சம்பந்திக்கும் தெரியாது, பாதிரியாருக்கும் தெரியாது. நோயோடு பிறக்கும் குழந்தைகள் அநேகமாக இல்லை என்றாகிவிட்டது. நம் ஊரில் உறையைப் பிரிக்காமல் ஒரு சித்தப்பாவாவது சும்மா இருப்பாரா?

சித்தப்பாவையாவது சமாளிக்கலாம். என் பழைய விரோதி காப்பீட்டுக் கம்பெனி. (இந்தப் பக்கத்தைப் படித்துச் சந்தாவை நிறுத்திய ஏஜென்ட் நண்பர் அடுத்த கேள்விக்குப் போய்விடலாம்.) இதயத்தசை நோய்க்காரர் ஒருவருக்கு, 'மரபணுக் கோளாறு, பாலிசியில் சேராது' என்று பணம் மறுக்கப்பட்டது. அப்படி ஒட்டுமொத்தமாக விலக்கி வைப்பது பாரபட்சம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018இல் சொன்னது. அமெரிக்கா 2008இலேயே இதற்கென்று சட்டம் போட்டது. மருத்துவக் காப்பீட்டுக்கும் வேலைக்கும் மட்டும். ஆயுள் காப்பீட்டை விட்டுவிட்டார்கள். செவ்வாய் ஏழில் இருக்கிறது என்று எந்தக் கம்பெனியும் எனக்குப் பிரீமியத்தை ஏற்றியதில்லை. ரிப்போர்ட்டைக் கட்டாயமாக்குமுன் அதை யார் யார் படிக்கக் கூடாது என்று முதலில் சட்டம் எழுதட்டும்.

நான் பாலிசி எடுத்தபோது விண்ணப்பத்தில் அப்பா எந்த வயதில், எதனால் இறந்தார் என்று கேட்டிருந்தது. மாரடைப்பு என்று எழுதப் போனேன். மேற்படி நண்பர் பேனாவை வாங்கி 'வயோதிகம்' என்று அவரே எழுதினார். அப்பா இறந்தது ஐம்பத்து நாலில்.