மொட்டைமாடி மூலிகையும் கேட்காமல் வரும் விருந்தாளிகளும்: கேள்வி பதில்

சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் மாடியிலோ பால்கனியிலோ செடி வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. உரத்தைப் பற்றிக் கேட்டவர்களைவிட, "இது என்ன, இதைத் தின்னலாமா, இதை விரட்டலாமா" என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

வேளச்சேரி: அக்கா, மூணடிக் கறிவேப்பிலைச் செடியில் ஒரே வாரத்தில் பாதி இலை காணோம். இலைமேல் பறவை எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கு. என்ன மருந்து அடிக்கலாம்?

அந்த எச்சத்தைக் குச்சியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை மாதிரி இரண்டு கொம்பு, சிவப்பிலோ ஆரஞ்சிலோ, நீண்டு வந்து குப்பென்று ஒரு வாடை அடித்தால் அது புழு. சின்ன வயதில் எச்சம் மாதிரி வேஷம் போடும், கடைசித் தோல் உரித்ததும் இலைப்பச்சைக்கு மாறிவிடும். கறிவேப்பிலை, எலுமிச்சை, வில்வம் மூன்றும் ஒரே குடும்பம் என்பதால், இந்த மூன்றிலும் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சிகள் இரண்டு உண்டு. மாடியில் கறுப்பு இறகும் அதில் வெள்ளைப் புள்ளி வரிசையுமாக ஒன்று தாழப் பறந்திருக்குமே, அதன் பிள்ளைகளாக இருக்கலாம்.

மருந்து வேண்டாம். பச்சைக்கு மாறிய பிறகுதான் அது மொட்டையடிக்கும், அதுவும் சில நாள்தான். பிறகு குச்சியில் கூண்டு கட்டிக்கொள்ளும். மூணடிச் செடி இரண்டு புழுவைத் தாங்கும். அதற்கு மேல் இருந்தால் இலையோடு கிள்ளி, பக்கத்து எலுமிச்சையிலோ கோயில் வில்வத்திலோ விடுங்கள். மாமரத்திலோ முருங்கையிலோ விட்டால் பட்டினி கிடந்து சாகும். இழந்த இலையைப் பற்றிக் கவலைப்படாமல் நுனியை ஒரு சாண் கவாத்து செய்துவிட்டால் பக்கக் கிளை நாலு வெடிக்கும். கறிவேப்பிலையைக் காம்பு காம்பாக உருவாமல் நுனியோடு ஒடித்துச் சமையலுக்கு எடுக்கச் சொல்வதும் இதற்குத்தான்.

இலை ஓரம் கடிபட்டிருந்தால்தான் புழு. கொழுந்து சுருண்டு, தொட்டால் பிசுபிசுத்து, எறும்பு ஏறி இறங்கினால் அது சாறு உறிஞ்சும் பூச்சியின் வேலை. சுருண்ட கொழுந்தை வெட்டி எறிந்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். சோப்பு இல்லையென்றால் எண்ணெய் தண்ணீரில் கரையாது, மேலே மிதந்து கடைசியில் திட்டாக இலைமேல் விழும். மறுநாள் வெயிலில் அந்த இடம் கருகும். தெளிப்பதற்கு முன் நல்ல புழுக்களை வேறு கிளைக்கு மாற்ற மறந்துவிடாதீர்கள்.

பல்லாவரம்: தொட்டியில் நாங்கள் விதைக்காமலே ஒரு செடி வந்திருக்கிறது. மாமியார் மணத்தக்காளி என்கிறார். வீட்டுக்காரர் விஷச்செடி, பிடுங்கு என்கிறார்.

பெரும்பாலும் மாமியார் பக்கம்தான் நியாயம் இருக்கும். சின்னான் என்கிற கொண்டைக்குருவி மணத்தக்காளிப் பழத்தை விழுங்கிவிட்டு, துணிக்கொடியில் உட்கார்ந்து எச்சமிடும். கொடிக்கு நேர் கீழே இருக்கும் தொட்டியில் செடி முளைக்கும். உங்கள் தொட்டியும் கொடிக்குக் கீழேதானே?

பூக்கும்வரை பொறுங்கள். பூ மிளகளவு, வெள்ளை, நடுவில் மஞ்சள் மூக்கு. காய் பட்டாணியைவிடச் சின்னதாக, ஒரே காம்பில் கொத்தாகத் தலைகுனிந்து தொங்கும். பழுத்தால் கறுப்பு, சில வகையில் செம்மஞ்சள். பூ நீளமாகப் புனல் மாதிரியும், காய் முள்ளோடும் வந்தால் அது ஊமத்தை. உடனே பிடுங்கிக் கையைக் கழுவுங்கள்.

மணத்தக்காளிதான் என்று உறுதியானால் இலையைப் பயத்தம்பருப்போடு கூட்டு வைக்கலாம். பழுத்த பழத்தை அப்படியே தின்னலாம். பச்சைக்காயைப் பச்சையாகத் தின்னக் கூடாது, குழந்தைகளிடம் இதைச் சொல்லி வையுங்கள். பச்சைக்காய் வற்றலுக்கு: லேசாகக் கீறி, உப்புப் போட்ட புளித்த மோரில் ராத்திரி முழுக்க ஊறவிட்டு, பகலில் வடித்துத் தட்டில் காயவையுங்கள். சாயங்காலம் திரும்ப அதே மோரில். மோர் தீர்ந்த பிறகு, அசைத்தால் கலகலவென்று சத்தம் வரும்வரை வெயில். ஈரம் மிச்சமிருக்கும்போதே டப்பாவில் போட்டால் பூஞ்சை பிடித்துவிடும், மழைக்காலத்தில் வற்றல் வீணாவது இப்படித்தான். செடியில் ஒரு கிளைப் பழத்தைப் பறிக்காமல் விடுங்கள், விதைத்தவனுக்குக் கூலி.

குரோம்பேட்டை: பிரண்டைத் துவையல் செய்தால் தொண்டை அரிக்கிறது. புளி கூட்டியும் போகவில்லை.

புளி மட்டும் போதாது, வதக்கல் பற்றவில்லை. பிரண்டையின் சதையில் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகம் இருக்கிறது, அரிப்பு அதனால்தான். நுனியிலிருந்து மூன்று நான்கு கணு மட்டும் ஒடியுங்கள். நகத்தால் கீறினால் நார் வராத கணுதான் இளசு. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, கணுக்கள் சேரும் முடிச்சை வெட்டி எறிந்து, நாலு பக்க ஓர நாரையும் உரித்துப் பொடியாக நறுக்குங்கள்.

ஒரு கப் துண்டுக்கு 2 மேசைக்கரண்டி நல்லெண்ணெய். மிதமான தீயில் பச்சை நிறம் போய், பழுப்போடிய ஒரு நிறம் வந்து, துண்டு பாதியாகச் சுருங்கும்வரை, பத்து நிமிடத்துக்குக் குறையாமல் வதக்குங்கள். தனியாக 2 மேசைக்கரண்டி உளுந்து, 5 காய்ந்த மிளகாய், கொஞ்சம் பெருங்காயம் வறுத்து, சின்ன எலுமிச்சையளவு புளி, உப்பு, சுண்டைக்காயளவு வெல்லம் சேர்த்து அரையுங்கள். அரைத்த பிறகும் நாக்கில் சுருக்கென்றால் திரும்ப வாணலியில் போட்டு எண்ணெய் பிரியும்வரை கிளறினால் அடங்கும்.

அண்ணாநகர்: கத்தரிச் செடியில் இரண்டு இலை சேர்ந்து ஒட்டியிருக்கிறது. இலைச்சுருட்டுப் புழுதானே? பறித்துவிடட்டுமா?

பறிக்காதீர்கள், முதலில் ஓரத்தை உற்றுப் பாருங்கள். புழு சுருட்டிய இலையில் மெல்லிய வலையும், உள்ளே கறுப்புக் கடுகு மாதிரிக் கழிவும் இருக்கும். தையல்சிட்டு தைத்ததென்றால் இலை ஓரத்தில் வரிசையாக ஊசி குத்தின மாதிரி ஓட்டை, ஒவ்வொரு ஓட்டையிலும் வெளியே பஞ்சு முடிச்சு. பஞ்சும் சிலந்தி நூலும்தான் அதற்கு நூல். உள்ளே கிண்ணம் மாதிரிக் கூடு, பெரும்பாலும் மூன்று முட்டை. அடைகாக்க ஏறக்குறைய 12 நாள், குஞ்சு பறக்க இன்னொரு இரண்டு வாரம். அதுவரை அந்தச் செடிக்கு வேரில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள், மேலே தெளிக்காதீர்கள். காய் போனால் போகிறது, செடியில் இருக்கும் புழு பூச்சியை அது குஞ்சுக்கு ஊட்டிக் கணக்கைச் சரிக்கட்டிவிடும்.

துணிக்கொடியில் தேன்சிட்டு கட்டிய தொங்கும் கூட்டைப் பற்றிக் கேட்ட மேடவாக்கம் அம்மாவுக்கும் இதே பதில்தான். ஐந்து வாரம் வேறு கொடி பாருங்கள்.

மயிலாப்பூர்: பறவைகளுக்குத் தண்ணீர் வைத்தால் டெங்கு கொசு வரும் என்று அசோசியேஷனில் சண்டை.

இரண்டு தரப்பும் சரிதான். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். தினமும் தண்ணீரைக் கொட்டி மாற்றினால் புழு தேறாது. ஆனால் முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சட்டியின் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் சாகாது. அதனால் தண்ணீரை மாற்றினால் மட்டும் பற்றாது, தேங்காய் நாரால் சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அகலமான மண்சட்டி, இரண்டு அங்குல ஆழம், நடுவில் ஒரு கல். கல் தேனீ உட்கார. அக்னி நட்சத்திரத்தில் நிழலில் வையுங்கள். சட்டியைவிடச் செடித்தொட்டிக்குக் கீழே வைத்திருக்கும் பிளாஸ்டிக் தட்டுதான் பெரிய குற்றவாளி, அதை யாரும் பார்ப்பதில்லை.

தாம்பரம்: கொத்தமல்லி ஒரு சாண் வளர்வதற்குள் பூத்துவிடுகிறது அண்ணே.

அண்ணன் இல்லை தம்பி, அக்கா. சித்திரை, வைகாசியில் விதைத்தீர்களா? வெயிலுக்குப் பயந்து பூக்கிறது, உரம் போட்டு நிறுத்த முடியாது. கார்த்திகையிலிருந்து தை வரை விதையுங்கள். தனியாவைச் சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டி இரண்டாகப் பிளந்து, ஒரு ராத்திரி ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில். பெயர்த்து நடாதீர்கள், வேர் அசைந்தாலும் பூத்துவிடும். இப்போது பூத்ததைப் பிடுங்க வேண்டாம், கொம்புத்தேனீயும் பொறிவண்டும் வரும். முதலைக்குட்டி மாதிரிக் கறுப்பாக, ஆரஞ்சுப் புள்ளியோடு ஊர்வது பொறிவண்டின் புழு. சாறு உறிஞ்சும் அசுவினியைத் தின்ன வந்தது, நசுக்காதீர்கள்.

போரூர்: புதினா?

கடையில் வாங்கிய கட்டில் தடித்த தண்டாக எடுத்து, கீழ் இலையை நீக்கி, தண்ணீரில் நிறுத்துங்கள். ஒரு வாரம், பத்து நாளில் வேர் விடும். ஆழமான தொட்டி வேண்டாம், அகலமானது வேண்டும், ஓடித்தான் வளரும். காலை வெயில் மட்டும்.

அம்பத்தூர்: கற்பூரவள்ளி மண்டிக் கிடக்கிறது. பஜ்ஜி போட்டால் சொதசொதவென்று ஆகிறது.

இலை சதைப்பற்றானது, உள்ளே தண்ணீர் அதிகம். கழுவியதும் துணியில் ஒற்றி அரைமணி காற்றில் விடுங்கள். ஒரு கப் கடலைமாவுக்கு 2 மேசைக்கரண்டி அரிசிமாவு. மாவு இலையில் மெல்லிசாகப் பிடிக்கிற பதம், தோசை மாவைவிடக் கொஞ்சம் கெட்டி. எண்ணெய் காயாமல் போட்டால் எண்ணெய் குடிக்கும், ஒரு சொட்டு மாவு விட்டதும் மேலே வர வேண்டும். உள்ளங்கையைவிடச் சின்ன இலையாக எடுங்கள், முற்றியதில் காரல் தூக்கும்.

கிழக்குத் தாம்பரம்: ராத்திரி பொய்க்கூரையில் யாரோ நடக்கிற சத்தம். பப்பாளி பாதி தின்றபடி கிடக்கிறது. பூனையா?

பப்பாளியைத் தின்றிருப்பதால் மரநாயாக இருக்க வாய்ப்பு அதிகம். பெயர்தான் நாய், பூனையளவு உடம்பு, நீண்ட வால். மனிதரைத் தேடி வந்து கடிக்காது, மூலையில் மடக்கினால் கடிக்கும். பகலில் தூங்கி ராத்திரி இரை தேடும். ஓட்டை எங்கே என்று பார்த்து, மாலை இருட்டியதும் அது வெளியே போன பிறகு கம்பிவலை அடியுங்கள். ஆனால் அதற்கு முன் இரண்டு மூன்று நாள் காது கொடுத்துக் கேளுங்கள். தாய் போன பிறகும் உள்ளே கீச்சு கீச்சென்று சத்தம் வந்தால் குட்டி இருக்கிறது. அடைத்தால் குட்டி உள்ளேயே செத்து நாறும், தாய் கூரையைப் பிய்க்கும். குட்டி வெளியே போகும்வரை பப்பாளியைப் பழுக்கவிடாமல் காயாகவே பறித்துக் கூட்டு வையுங்கள்.

ஆவடி: சாரைப்பாம்பு அடிக்கடி வருகிறது.

பாம்பு எலிக்காக வருகிறது. எலி, மூடாத மக்கு உரத் தொட்டிக்கும் புறாவுக்கு இறைத்த தானியத்துக்கும். முதலில் அதை நிறுத்துங்கள். பாம்பு வீட்டுக்குள் வந்துவிட்டால் கம்பைத் தேடாமல், கண்ணை அதன் மேலேயே வைத்துக்கொண்டு தீயணைப்பு நிலையத்துக்கு 101 அடியுங்கள், வந்து பிடித்துப் போவார்கள். சாரையா நாகமா என்று நீங்கள் கிட்டப் போய் உறுதி செய்ய வேண்டியதில்லை.