மூச்சுப்பாதையில் குடியிருக்கும் பாஸ்டுரெல்லா குடும்பம்: வாசகர் கேள்விகளும் கால்நடை மருத்துவரின் பதில்களும்

மழைக்காலம் நெருங்கினால் எருமை, ஆடு, கோழி வளர்ப்பவர்களிடமிருந்து கடிதங்கள் கூடிவிடும். இம்முறை வந்த கேள்விகளில் பல, கேட்டவர்களே அறியாமல் ஒரே பாக்டீரியாக் குடும்பத்தைச் சுற்றியே அமைந்திருந்தன. அதனால் அவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

மாலையில் நன்றாகத் தீனி தின்ற எருமை, விடியற்காலையில் தொண்டை வீங்கி, மூச்சுத் திணறி, மதியத்துக்குள் இறந்துவிட்டது. பக்கத்தில் நோய் கண்ட மாடு எதுவும் இல்லை. கிருமி எங்கிருந்து வந்தது? — திருவாரூர் மாவட்ட வாசகர்

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் தொண்டை அடைப்பான் நோய்க்குரியவை. பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்ற பாக்டீரியாவின் ஒரு வகை இதை உண்டாக்குகிறது. உங்கள் கேள்விக்கான விடை பலருக்கு வியப்பாக இருக்கும். கிருமி வெளியிலிருந்து அன்றுதான் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் தொழுவத்திலேயே நலமாக நிற்கும் ஒரு மாட்டின் தொண்டைச் சதையில் அது மாதக்கணக்கில் சத்தமில்லாமல் தங்கியிருக்கலாம். முதல் மழை, சேற்றில் நிற்பது, கோடையில் தீவனம் குறைந்து மெலிந்த உடல், உழவு வேலையின் களைப்பு எல்லாம் ஒன்றுசேரும்போது மாட்டின் எதிர்ப்புச் சக்தி தளர்கிறது. அப்போது அந்தக் கிருமி பெருகி, எச்சில் வழியாகவும் மூக்குச் சளி வழியாகவும் அடுத்த மாட்டுக்குப் போகிறது. ஈரமான மண்ணிலும் தண்ணீரிலும் சில காலம் தாக்குப்பிடிப்பதால் மழைக்காலத்தில் வேகமாகப் பரவுகிறது. பசுவைவிட எருமைக்கு இந்த நோய் கொடியது.

இரத்தத்தில் கலந்த பிறகு கிருமி வெளிவிடும் நச்சு சில மணி நேரத்தில் உயிரைப் பறித்துவிடும். தொண்டை வீங்கிய பிறகு போடும் ஊசி பெரும்பாலும் காப்பாற்றுவதில்லை. காய்ச்சல் தொடங்கிய நேரத்திலேயே மருந்து கொடுத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. எனவே ஒரு மாடு இறந்தால், அன்றே மற்ற எல்லா மாடுகளுக்கும் வெப்பமானி வைத்துப் பாருங்கள். காய்ச்சல் உள்ளவற்றைத் தனியே கட்டி, உடனே மருத்துவரை அழையுங்கள். மீதி மாடுகளுக்குத் தடுப்பூசி போடச் சொல்லுங்கள்.

இறந்த மாட்டை அறுக்காதீர்கள். திடீர் மரணத்தில் இது தொண்டை அடைப்பானா, மனிதரையும் தாக்கும் ஆந்த்ராக்ஸா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மருத்துவர் பார்த்து மாதிரி எடுத்த பின், ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைப்பதே சரி. ஆற்றிலோ வாய்க்காலிலோ தள்ளிவிடுவது ஊருக்கே நோயை அனுப்புவதாகும். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

தடுப்பூசியை எந்த மாதத்தில் போடுவது? — அதே ஊரிலிருந்து இன்னொருவர்

மழைக்கு முன் என்பதுதான் விதி. ஆனால் எந்த மழை? புத்தகங்கள் மே, ஜூன் என்று எழுதியிருப்பது தென்மேற்குப் பருவமழையை மனத்தில் வைத்து. டெல்டாவிலும் கடலோரத்திலும் பெருமழை ஐப்பசியில்தான். ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு மூன்று வாரங்கள் ஆகும் என்பதால், உங்கள் ஊர் மழைக்கு ஒரு மாதம் முன்பே போட்டு முடித்துவிடுவது நல்லது. படிகாரம் சேர்த்த தடுப்பூசியின் பலன் சுமார் ஆறு மாதம். எண்ணெய் சேர்த்தது ஏறக்குறைய ஓராண்டு. எது போட்டார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கன்றுக்கு ஆறு மாதம் ஆனதும் தொடங்கலாம். ஊசி போட்ட இடத்தில் சிறு வீக்கமும் ஓரிரு நாள் பால் குறைவும் வரலாம். அதற்குப் பயந்து தவிர்ப்பது பெரிய இழப்பில் முடியும்.

என் குழந்தைக்குத் தொண்டை அடைப்பான் ஊசி போட்டார்கள். மாட்டுக்கு வருவதும் இதுவும் ஒன்றா? — ஒரு தாய், விழுப்புரம்

இல்லை அம்மா. குழந்தைகளுக்கு வருவது டிப்தீரியா. அதன் பாக்டீரியா முற்றிலும் வேறு குடும்பம். ஆனால் உங்கள் குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் போட்ட பென்டாவேலன்ட் ஊசியில், மாட்டைக் கொல்லும் கிருமியின் உறவுக்காரர் ஒருவருக்கு எதிரான மருந்தும் இருக்கிறது. ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயென்சா பி வகை, சுருக்கமாக ஹிப். மனிதரின் மூக்கிலும் தொண்டையிலும் மட்டுமே வாழும் இந்தப் பாக்டீரியா, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் மூளைக்காய்ச்சலையும் நிமோனியாவையும் உண்டாக்கும். பிழைத்த குழந்தைகளிலும் சிலருக்குச் செவித்திறன் போய்விடும். இந்தியாவில் இந்த ஊசியை முதலில் தொடங்கிய மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும். ஆண்டு 2011, டிசம்பர் மாதம்.

பெயரைப் பார்த்து ஃப்ளூ காய்ச்சலுக்கான ஊசி என்று நினைக்க வேண்டாம். 1892-இல் ஜெர்மானிய மருத்துவர் ரிச்சர்ட் ஃபைஃபர், ஃப்ளூ நோயாளிகளின் சளியில் இதைக் கண்டு, இதுவே ஃப்ளூவுக்குக் காரணம் என்று முடிவு செய்தார். மனித ஃப்ளூவுக்குக் காரணம் ஒரு வைரஸ் என்று 1933-இல்தான் நிலைநாட்டப்பட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இதே பாக்டீரியாவுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. வைரஸ் அல்லாத, தானாக வாழும் ஓர் உயிரின் முழு மரபணுத் தொகுதியும் முதன்முதலில் படித்து முடிக்கப்பட்டது இதற்குத்தான், 1995-இல்.

சந்தையில் வாங்கிவந்த ஆடுகள் ஒரு வாரத்தில் இருமத் தொடங்கி, வீட்டு ஆடுகளுக்கும் தொற்றிவிட்டன. வியாபாரி நோயுள்ள ஆட்டைத் தள்ளிவிட்டாரா? — தருமபுரி மாவட்ட வாசகர்

அப்படியும் இருக்கலாம். ஆனால் வியாபாரி நல்ல ஆட்டையே கொடுத்திருந்தாலும் இது நடக்கக்கூடியதுதான். இதே குடும்பத்தைச் சேர்ந்த மான்ஹைமியா ஹீமோலிட்டிகா என்ற பாக்டீரியா நலமான ஆடுகளின் மூக்கிலும் தொண்டையிலும் சாதாரணமாக வாழ்கிறது. லாரியில் நெருக்கியடித்து, தண்ணீர் இல்லாமல், வெயிலிலும் காற்றிலும் பயணம் செய்த ஆட்டின் உடலில் மன அழுத்தத்தின்போது சுரக்கும் ஹார்மோன்கள் ஏறுகின்றன. நுரையீரலைக் காக்கும் காவல் அணுக்கள் மந்தமாகின்றன. அந்த இடைவெளியில் தொண்டையில் இருந்த கிருமி கீழே இறங்குகிறது.

இறங்கியதும் அது செய்வது மிகக் குரூரமானது. அசைபோடும் விலங்குகளின் வெள்ளை அணுக்களைக் குறிவைத்துக் கொல்லும் ஒரு நச்சை வெளிவிடுகிறது. செத்த வெள்ளை அணுக்களிலிருந்து கசியும் பொருள்கள் நுரையீரலையே அரிக்கின்றன. இறந்த ஆட்டை அறுத்துப் பார்க்கும்போது, நுரையீரலின் முன்பக்கக் கீழ்ப்பகுதி பஞ்சுத்தன்மை இழந்து ஈரலைப் போல் கெட்டியாக இருப்பதைப் பார்க்கிறோம். ஆட்டுக்கொல்லி நோயின் வைரஸ் முதலில் வழிவிட்டு, அதன் பின்னால் இந்தப் பாக்டீரியா நுழைவதும் உண்டு. அதனால் ஆட்டுக்கொல்லி நோய்க்கான தடுப்பூசியைப் போட்டிருந்தால் இந்த நிமோனியாவும் ஓரளவு குறையும்.

வாங்கிவந்த ஆட்டை மூன்று வாரமாவது தனிப் பட்டியில் வையுங்கள். வந்த அன்று முதலில் தண்ணீரும் நிழலும் ஓய்வும் கொடுங்கள். குடற்புழு நீக்கம், காதில் அடையாள வில்லை குத்துதல், காயடித்தல் எல்லாம் சில நாள் பொறுக்கலாம். வந்திறங்கிய அன்றே எல்லாவற்றையும் செய்துவிடும் வழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. ஏற்கெனவே தளர்ந்த ஆட்டை அது இன்னும் தளர்த்துகிறது. இரவில் பட்டியை நான்கு பக்கமும் சாக்கால் மூடிவிடாதீர்கள். குளிர்காற்று நேரே படாமல் தடுத்து, மேல்பகுதியைத் திறந்து வையுங்கள்.

எப்போதும் தொண்டையில் இருக்கும் கிருமி, ஒரு முழு மந்தையையே சில நாளில் அழிக்க முடியுமா? நம்ப முடியவில்லை. — கால்நடை அறிவியல் மாணவி, சென்னை

நம்ப முடியாத அளவுக்கு நடந்திருக்கிறது. கஜகஸ்தானின் புல்வெளியில் சைகா என்ற மான் இனம் வாழ்கிறது. தொங்கும் பெரிய மூக்கு கொண்ட, மந்தை மந்தையாக நெடுந்தூரம் இடம்பெயரும் விலங்கு. 2015 மே மாதம், பெட்பக்-தாலா பகுதியில் பெண் மான்கள் குட்டி ஈனுவதற்காகக் கூடியிருந்தன. சுமார் மூன்று வாரத்தில் 2,00,000-க்கும் மேற்பட்டவை இறந்தன. அன்று உலகில் இருந்த சைகாக்களில் பாதிக்கும் மேல் அது. நோய் தொட்ட கூட்டங்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை. தாய் சாய்ந்த சில மணி நேரத்தில் குட்டியும் சாய்ந்தது.

புதிய வைரஸ், விஷம், ராக்கெட் எரிபொருள் என்று பல ஊகங்கள் எழுந்தன. ஆய்வாளர்கள் பிரேதப் பரிசோதனை செய்து பார்த்தபோது கிடைத்தது பாஸ்டுரெல்லா மல்டோசிடா பி வகை, அதாவது திருவாரூர் எருமையின் தொண்டை அடைப்பானுக்குக் காரணமான அதே வகை. அந்த மான்களின் தொண்டையில் அது முன்பே இருந்திருக்க வேண்டும் என்பதே அவர்கள் முடிவு. என்ன மாறியது என்று தேடியபோது வானிலைப் பதிவுகள் கைகொடுத்தன. சாவு தொடங்குவதற்கு முந்தைய பத்து நாட்களில் காற்றின் ஈரப்பதமும் இரவு வெப்பமும் வழக்கத்தைவிட உயர்ந்திருந்தன. 1981-லும் 1988-லும் நிகழ்ந்த பெருஞ்சாவுகளின்போதும் இதே போன்ற வானிலை இருந்தது தெரியவந்தது. ஈரமும் வெப்பமும் அந்தப் பாக்டீரியாவை எப்படித் தட்டி எழுப்புகின்றன என்பது இன்னும் திறந்த கேள்விதான். ஆய்வுக்குத் தலைப்பு தேடுகிறீர்கள் என்றால், இதைவிட நல்லதை என்னால் சொல்ல முடியாது.

அந்த மான்கள் மீண்டு வந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேட்டைத் தடுப்பு வலுத்ததால் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியது. 2023-இல் மிக ஆபத்தான நிலையில் உள்ள இனம் என்ற பட்டியலிலிருந்து அவை விலக்கப்பட்டன.

2020-இல் ஜிம்பாப்வேயின் வடமேற்கில் 35 யானைகள் இறந்ததையும் படித்துப் பாருங்கள். மாதிரி எடுக்க முடிந்த 15 யானைகளில் ஆறில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த, இன்னும் முறையான பெயர்கூட இல்லாத ஒரு பாக்டீரியா இருந்தது. அப்போது வறட்சி; யானைகள் தீனிக்கும் தண்ணீருக்கும் அலைந்துகொண்டிருந்தன.

கோழிக்குக் காலரா வந்தால் வீட்டில் உள்ளவர்களுக்கும் வருமா? — முட்டைக்கோழிப் பண்ணையாளர், நாமக்கல் மாவட்டம்

வராது. மனிதரின் காலரா தண்ணீர் வழி பரவும் வேறொரு பாக்டீரியாவால் வருவது. கோழி காலராவுக்குக் காரணம் பாஸ்டுரெல்லா மல்டோசிடாதான். நான்கு மாதத்துக்கு மேற்பட்ட கோழிகளையே அதிகம் தாக்கும். கொண்டை நீலம்பாய்ந்து, பச்சை நிறக் கழிச்சலோடு திடீரென்று இறக்கும். நாள்பட்ட நிலையில் தாடி வீங்கும். எலியும் பூனையும் இதைக் கொட்டகைக்குள் கொண்டுவரும் என்பதால் எலித்தொல்லையை ஒழிப்பதும் மருத்துவத்தில் சேர்ந்ததுதான்.

நீங்கள் கடிதத்தில் எழுதியிருக்கும் முக வீக்கம், துர்நாற்றச் சளி, முட்டைக் குறைவு மூன்றையும் பார்த்தால் எனக்குக் கோரைசா என்றே தோன்றுகிறது. இதுவும் அதே குடும்பம்தான், அவிபாக்டீரியம். சாவு குறைவு, பரவல் மிக வேகம். குணமான கோழிகள் கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கும். அவற்றோடு புதுக் கோழிகளைச் சேர்ப்பதால்தான் உங்கள் பண்ணையில் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரே தொகுதியாக விட்டு, ஒரே தொகுதியாக எடுத்து, கொட்டகையைக் கழுவிக் காயவிடுங்கள். இந்தக் குடும்பத்துக் கிருமிகள் உலர்ந்த வெளியிடத்தில் அதிக நாள் பிழைப்பதில்லை என்பது நமக்குச் சாதகம்.

லூயி பாஸ்டர் 1880-இல் அறிவித்த தடுப்பூசியும் கோழி காலராவுக்கு எதிரானதுதான். ஆய்வகத்தில் கிருமியை வலுவிழக்கச் செய்து உருவாக்கப்பட்ட முதல் தடுப்பூசி அது. அவர் பெயரே இந்தக் குடும்பத்துக்கு அமைந்தது.

பூனை லேசாகத்தான் கடித்தது. மறுநாள் கை முழுவதும் வீங்கிவிட்டது. — கோயம்புத்தூர் வாசகர்

இதைப் படிக்கும்போதே மருத்துவரிடம் போயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். போகவில்லை என்றால் இப்போதே கிளம்புங்கள். பூனைகளில் பெரும்பாலானவற்றின் வாயில் பாஸ்டுரெல்லா இருக்கிறது. ஊசி போன்ற பல் தோலைத் துளைத்துத் தசைநார் வரைக்கும் மூட்டு வரைக்கும் கிருமியை இறக்கிவிடும். வெளியே காயம் சிறியதாகத் தெரியும். ஒரே நாளில் சிவந்து வீங்கி வலிப்பது இந்தக் கிருமியின் அடையாளம். சர்க்கரை நோயாளிகளுக்கும் கல்லீரல் நோயாளிகளுக்கும் ஆபத்து அதிகம்.

பூனை கடித்தது என்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சாதாரணப் புண்ணுக்குக் கொடுக்கும் செஃபலெக்சின், எரித்ரோமைசின் போன்றவை இந்தக் கிருமியிடம் சரியாக வேலை செய்வதில்லை. இனி எந்த விலங்கு கடித்தாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி பூனைக்கடிக்கும் தேவை. வீட்டுப் பூனைதானே என்று விட்டுவிடாதீர்கள்.

முயல்கள் தும்மிக்கொண்டே இருக்கின்றன. முன்னங்கால் முடி சடைபிடித்திருக்கிறது. — திண்டுக்கல்

மூக்குச் சளியை முன்னங்காலால் துடைத்துத் துடைத்து வந்த சடை அது. பாஸ்டுரெல்லாவாக இருக்க வாய்ப்பு அதிகம். கூண்டருகே குனிந்து மூச்சிழுங்கள். சிறுநீர் நெடி உங்கள் கண்ணை எரித்தால், அம்மோனியாதான் முயலின் மூக்குச் சவ்வை அரித்துக் கிருமிக்கு வழிவிட்டிருக்கிறது. தினமும் சுத்தம் செய்து காற்றோட்டம் கொடுக்காமல் மருந்து மட்டும் கொடுத்தால், நிறுத்திய மறுவாரம் தும்மல் திரும்பும். வாய்வழி அமாக்சிசிலின் முயலின் குடலைக் கெடுத்துக் கொன்றுவிடும் என்பதால் சொந்தமாக மருந்து வாங்கிக் கொடுக்கவே கூடாது.

கிருமி எப்படியும் உள்ளே இருக்கிறது என்றால், மழைக்கு முன்பே எல்லா ஆட்டுக்கும் ஆன்டிபயாடிக் போட்டுவிடலாமே? — ஆட்டுப்பண்ணை வைத்திருப்பவர், ஈரோடு

வேண்டாம். மூக்கிலிருந்து அந்தக் கிருமியை முழுவதும் துடைத்தெடுக்க முடியாது. சில நாளில் திரும்பக் குடியேறும், இம்முறை மருந்துக்கு அசையாத வகையாக. 2005-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஒரு மாட்டின் மூச்சுப்பாதையில் கிடைத்த பாஸ்டுரெல்லாவை ஆராய்ந்தபோது, 12 மருந்தெதிர்ப்பு மரபணுக்கள் ஒரே துண்டில் வரிசையாகச் சேர்ந்திருந்தன. அந்தத் துண்டு அப்படியே பெயர்ந்து வேறொரு பாக்டீரியாவுக்குள் போகவும் வல்லது. உங்கள் பண்ணையில் அப்படி ஒன்று உருவானால், உண்மையில் நோய் வரும் நாளில் கையில் மருந்து இருக்காது.

அந்தப் பணத்தைத் தடுப்பூசிக்கும் கூரை ஒழுகலை அடைப்பதற்கும் செலவிடுங்கள். காய்ச்சலோடு இருமும் ஆடு கிடைத்தால், மருந்து போடுவதற்கு முன் மூக்குச் சளி மாதிரியை எடுக்கச் சொல்லி, எந்த மருந்து கேட்கும் என்ற பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். மருந்து போட்ட பிறகு எடுத்த மாதிரியில் கிருமி வளர்வது அரிது. மாதிரியைப் பனிக்கட்டியோடு அன்றே ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும்.