ஆப்பிரிக்காவின் பிராங்க் – கடிதம்

வணக்கம்.

மாலி, நைஜர் நாடுகளிலிருந்து பிரெஞ்சுப் படைகள் வெளியேறியது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் புதுச்சேரிக்காரன். என் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், அவருடைய பென்ஷனில்தான் எங்கள் குடும்பம் தலையெடுத்தது. அதனால் என் பார்வையில் ஒரு சாய்வு இருக்கலாம். இருந்தாலும் கேட்கிறேன். அந்த நாடுகள் 1960இல் விடுதலை பெற்றவை. இத்தனை காலம் கழிந்தும் எல்லாவற்றுக்கும் பிரான்ஸைக் குற்றம் சொல்வது சரியா? கொள்ளையடித்தது அவர்களுடைய தலைவர்கள்தானே? இன்னொன்று, 14 ஆப்பிரிக்க நாடுகள் இன்றும் பிரான்ஸுக்குக் ‘காலனி வரி’ கட்டுவதாக ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உண்மையா?

– ஒரு வாசகர், புதுச்சேரி

அன்புள்ள நண்பருக்கு,

வீடியோவை முதலில் பார்த்துவிடலாம். அப்படி ஒரு வரி கிடையாது. தயவுசெய்து அதை யாருக்கும் அனுப்பாதீர்கள். ஆனால் அந்தப் பொய் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து முளைக்கவில்லை. அதற்கு அடியில் உண்மையான ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதுதான் சி.எஃப்.ஏ. பிராங்க்.

1945 டிசம்பரில் பிரான்ஸ் தன் ஆப்பிரிக்கக் காலனிகளுக்காக உருவாக்கிய நாணயம் அது. இன்று மேற்கு ஆப்பிரிக்காவில் எட்டு நாடுகளிலும் மத்திய ஆப்பிரிக்காவில் ஆறு நாடுகளிலும் புழங்குகிறது. அதன் மதிப்பு முன்பு பிரெஞ்சு பிராங்கோடு பிணைக்கப்பட்டிருந்தது. 1999 முதல் யூரோவோடு. ஒரு யூரோவுக்கு 655.957 சி.எஃப்.ஏ. பிராங்க். அந்த விகிதத்தில் மாற்றித் தருவதற்குப் பிரெஞ்சு அரசு உத்தரவாதம். பதிலுக்கு அந்த நாடுகள் தங்கள் அந்நியச் செலாவணிக் கையிருப்பைப் பாரிஸில் பிரெஞ்சுக் கருவூலக் கணக்கில் போட்டுவைக்க வேண்டியிருந்தது. ஆரம்பத்தில் முழுவதையும், 1973க்குப் பிறகு 65 சதவீதம், 2005இல் தொடங்கிப் பாதி. பணம் அவர்களுடையதுதான், வட்டியும் உண்டு. அதனால் வரி என்று சொல்ல முடியாது. ஆனால் அவர்களுடைய மத்திய வங்கிகளின் நிர்வாகக் குழுவில் பிரெஞ்சு அரசின் ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

இதன் பொருள் என்னவென்று ஒரு நாளில் தெரிந்தது. 1960 முதல் 50 சி.எஃப்.ஏ. பிராங்க் ஒரு பிரெஞ்சு பிராங்காக இருந்தது. 1980களின் கடைசியில் கோகோ, காப்பி விலைகள் சரிந்தன. தங்கள் நாணயத்தை மெல்ல மெல்ல இறக்கி ஏற்றுமதியைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி இந்த நாடுகளுக்கு இல்லை, ஏனென்றால் அது பாரிஸின் பலமான பிராங்கோடு கட்டப்பட்டிருந்தது. கட்டிய கயிறு அறுந்தபோது ஒரேயடியாக அறுந்தது. 1994 ஜனவரி 11ஆம் தேதி செனகல் தலைநகர் டக்காரில் அந்த நாடுகளின் தலைவர்களை உட்காரவைத்து மதிப்பைச் சரிபாதியாக்கினார்கள். பிரெஞ்சு அமைச்சர் ஒருவரும் சர்வதேச நாணய நிதியத்தின் தலைவரும் அங்கே இருந்தார்கள். நிதியத்தோடு ஒப்பந்தம் போடாத நாட்டுக்கு இனி பண உதவி இல்லை என்று பாரிஸ் முந்தைய வருஷமே சொல்லிவிட்டது. மருந்து போன்ற இறக்குமதிப் பொருள்களின் விலை எகிறியது. மதிப்பிறக்கம் தேவையா இல்லையா என்பதில் பொருளாதார அறிஞர்கள் வேறுபடலாம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, மாலியின் தலைநகர் பமாகோவில் சம்பளம் வாங்கும் ஒரு பள்ளி ஆசிரியரின் கையிலிருக்கும் பணத்தின் மதிப்பை முடிவு செய்தவர்கள் யார் என்பது. அவர் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள் மட்டுமல்ல.

சரி, தலைவர்களின் கொள்ளை. நீங்கள் சொல்வதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். காபோனில் ஓமார் பாங்கோ 1967 முதல் 2009 வரை ஆண்டார், அவருக்குப் பின் மகன். எண்ணெய் வளமுள்ள அந்த நாட்டில் குடும்பம் செழித்தது. ஆனால் இதைப் பிரான்ஸின் செல்வாக்கிலிருந்து தனியாகப் பிரித்துப் பார்க்க எனக்குக் காரணம் தெரியவில்லை. பாங்கோவைத் தாங்கிப் பிடித்ததே பாரிஸ்தான். பிரெஞ்சு அதிபராக இருந்த டி காலின் ஆப்பிரிக்க விவகார ஆலோசகர் ஷாக் ஃபோகார் நடத்திய வலையே அதுதான்: நமக்கு வேண்டியவர் பதவியில் இருக்கட்டும், எண்ணெயும் யுரேனியமும் வந்துகொண்டிருக்கட்டும். நிலையான விகிதத்தில் யூரோவாக மாறிவிடும் நாணயம் இருந்தால், உள்ளூரில் சுருட்டியதைப் பாரிஸில் வீடாக்குவதும் சுலபம். இறக்குமதிச் சாமான்கள் மலிவாகக் கிடைக்கும் நகரத்து மேல்தட்டுக்கும் இந்த ஏற்பாடு வசதி. பருத்தி விளைவிப்பவருக்கு அந்த வசதி இல்லை.

விலக நினைத்தவர்கள் கதையையும் சொல்ல வேண்டும். 1958இல் பிரான்ஸோடு சேர்ந்திருக்கச் சம்மதமா என்று வாக்கெடுப்பு நடந்தபோது கினி மட்டும் வேண்டாம் என்றது. பிரெஞ்சு அதிகாரிகள் கோப்புகளையும் கருவிகளையும் அள்ளிக்கொண்டு போனார்கள். 1960இல் கினி அதிபர் செக்கு டூரே சொந்த நாணயம் கொண்டுவந்தார். அதைக் குலைக்கப் பிரெஞ்சு உளவுத்துறை கள்ள நோட்டுகளை உள்ளே அனுப்பியது. டோகோவின் முதல் அதிபர் ஒலிம்பியோவும் தனி நாணயத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார், 1963 ஜனவரியில் கொல்லப்பட்டார். இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டு நிறையப் பேர் எழுதுகிறார்கள். பிரெஞ்சுப் படையிலிருந்து திரும்பிய வீரர்கள் டோகோ ராணுவத்தில் இடம் கேட்டு மறுக்கப்பட்ட கோபமும் அதன் பின்னால் இருந்தது. நிரூபிக்கப்படாததை நான் சொல்ல மாட்டேன்.

இன்னொரு பக்கமும் உண்டு. பக்கத்திலிருக்கும் கானாவுக்குச் சொந்த நாணயம் இருக்கிறது. 2022 டிசம்பரில் அங்கே பணவீக்கம் 54 சதவீதம். அந்த மாதிரி விலையேற்றத்தை சி.எஃப்.ஏ. நாடுகள் அதே காலத்தில் பார்க்கவில்லை. டோகோவில் கடை வைத்திருப்பவரிடம் போய் ‘அடிமை நாணயம்’ என்று பேசினால், எல்லை தாண்டி கானாவைக் காட்டுவார். அவர் பயம் நியாயமானது.

2019 டிசம்பரில் அபிஜானில் மக்ரோனும் ஐவரி கோஸ்ட் அதிபர் வத்தாராவும் மாற்றம் அறிவித்தார்கள். மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் இனிப் பாரிஸில் கையிருப்பு வைக்க வேண்டாம், பிரெஞ்சுப் பிரதிநிதிகள் விலகுவார்கள், ‘எக்கோ’ என்ற புதுப் பெயர் வரும் என்றார்கள். முதல் இரண்டும் நடந்தன. புதுப் பெயர் நோட்டில் ஏறவில்லை, யூரோவோடு இருக்கும் பிணைப்பும் பிரெஞ்சு உத்தரவாதமும் அப்படியே இருக்கின்றன.

அப்புறம், மாலி, புர்க்கினா ஃபாசோ, நைஜர் மூன்றும் பிரெஞ்சுப் படையை வெளியே அனுப்பின. நாணயத்தை மட்டும் இன்னும் விடவில்லை. 2022 ஜனவரியில் மாலியின் ராணுவ அரசு தேர்தலைத் தள்ளிப்போட்டதும், மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் பாரிஸின் ஆதரவோடு தடை விதித்தன. பொது மத்திய வங்கி டக்காரில் இருக்கிறது; அது மாலியின் கணக்குகளை முடக்கியது. மாலியால் கடன் தவணை கட்ட முடியவில்லை. படையைப் போகச் சொல்ல ஓர் உத்தரவு போதும். நாணயத்தை விட வேண்டுமானால் சொந்த மத்திய வங்கி, சொந்தக் கையிருப்பு, அந்த நோட்டை நம்பி வாங்கும் வியாபாரி எல்லாம் வேண்டும். அவை வளர வேண்டிய காலத்தில் வளரவிடாமல் வைத்திருந்ததற்கு பிரான்ஸைக் குறை சொல்வது சரி என்றே நினைக்கிறேன்.

அன்புடன்.