டொக்டர்மாரின் படிப்புக்கு யார் காசு? – கேள்வி பதில்

மலையகத்து அரச ஆஸ்பத்திரி ஒன்றில் மருத்துவர் சங்கத்துக்குப் பல காலம் பொருளாளராக இருந்தவன் நான். சங்கத்துக் காசைப் பற்றி என்னவும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

ஹட்டன், ஆசிரியை: டொக்டர், பட்டம் வாங்கியவர்களுக்கு மேலும் எதற்குப் படிப்பு?

டீச்சர், ஒரு காலத்தில் வயிற்றுப்புண் என்றால் காரத்தையும் கவலையையும் குறை சொல்வோம். 1982இல் அவுஸ்திரேலியாவில் மார்ஷல், வொரன் என்ற இருவர் அதற்குப் பின்னால் ஒரு பக்டீரியா இருப்பதைக் கண்டார்கள். இன்று பலருக்கு அது அன்டிபயோட்டிக்கில் குணமாகிறது. அதற்கு முன்பு பட்டம் வாங்கியவர் இதை எங்கே படித்திருப்பார்? சங்கக் கூட்டத்தில்தான். இலங்கை மருத்துவ சங்கம் 1887இலேயே தொடங்கியது.

டிக்கோயா, புதிய டொக்டர்: அண்ணா, கூட்டம் நடத்த அவ்வளவு செலவா?

மாதக் கூட்டத்துக்கு இல்லை. மண்டபம் ஆஸ்பத்திரியுடையது. தேநீர், வடை, கண்டியிலிருந்து வரும் பேச்சாளருக்கு வாகனம், அவ்வளவுதான். சந்தாவிலேயே சமாளிக்கலாம். செலவு ஏறுவது ஆண்டு மாநாட்டில்: ஹோட்டல், இரவு விருந்து, எல்லோருக்கும் ஒரு பை. அந்தப் பையை வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நுவரெலியா, மருந்துக் கம்பனி ரெப்: சேர், நாங்கள் காசு தராவிட்டால் உங்கள் மாநாடே நடக்காது. அப்புறம் ஏன் எங்களை வில்லனாக்குகிறீர்கள்?

தம்பி, உங்களுக்கு டார்கெட் இருக்கிறது, அது எனக்குத் தெரியும். நான் பார்ப்பது காசு வரும் வழியை. சங்கத்தின் கணக்கில் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் கம்பனியோடு எனக்குச் சண்டை இல்லை. மண்டபத்து வாசலில் ஸ்டோல் போடுங்கள், வாடகை கட்டுங்கள், ரசீது தருகிறோம். ஆனால் “பேச்சாளரை நாங்களே கூட்டி வருகிறோம், ஸ்லைடும் தயார்” என்றால் அது வகுப்பு இல்லை, விளம்பரம். தலைப்பையும் பேச்சாளரையும் சங்கம்தான் தீர்மானிக்க வேண்டும்.

இதைவிட மோசம், ஒரு டொக்டரைத் தேர்ந்தெடுத்து வெளிநாட்டு மாநாட்டுக்கு டிக்கெட் கொடுப்பது. யாரைத் தேர்வார்கள்? உங்கள் மருந்தை அதிகம் எழுதுகிறவரைத்தானே! ஐரோப்பாவில் மருத்துவக் கருவிக் கம்பனிகளின் கூட்டமைப்பு 2018 ஜனவரியிலிருந்து இந்தப் பழக்கத்தை நிறுத்தியது. கல்விக்குக் காசு தர விரும்பினால் ஆஸ்பத்திரிக்கோ சங்கத்துக்கோ கொடுக்கலாம். யார் போவது என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். அமெரிக்காவில் 2010இல் வந்த சட்டப்படி, கம்பனி எந்த டொக்டருக்கு எவ்வளவு கொடுத்தது என்பதை யாரும் இணையத்தில் பெயர் போட்டுத் தேடலாம். இங்கேயும் அப்படித் தேட முடிந்தால், பாதிப் பேர் டிக்கெட்டே வேண்டாம் என்பார்கள்.

பேராதனை, மருத்துவ மாணவி: ஒரு சோற்றுப் பார்சலுக்காக யாராவது மருந்தை மாற்றி எழுதுவார்களா, சேர்?

கேட்டால் எல்லோரும் “நானா? இல்லவே இல்லை” என்பார்கள். 2016இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. கம்பனியிடம் ஒரே ஒரு வேளை சாப்பிட்ட டொக்டர்மார்கூட அந்தக் கம்பனி முன்னிறுத்திய மருந்தை மற்றவர்களைவிட அதிகம் எழுதியிருந்தார்கள். சாப்பாட்டின் சராசரி விலை 20 டொலருக்கும் குறைவு. சாப்பாடுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை, தொடர்பைத்தான் காட்டியது. ஆனாலும் பலன் இல்லாத சாப்பாட்டைக் கம்பனி வருஷக்கணக்கில் வாங்கித் தருமா?

பதுளை, தோட்டத் தொழிலாளியின் மகன்: ஐயா, இதெல்லாம் டொக்டர்மார் விஷயம். எங்களுக்கு என்ன?

பார்மசியில் காசு கட்டுவது உங்கள் அம்மாதானே, தம்பி. கிளினிக்கில் மருந்து இல்லாமல் வெளியே எழுதித் தரும் நாளில் இது உங்கள் விஷயமாகிறது. துண்டில் கம்பனிப் பெயர் இருந்தால் “இதன் மருந்துப் பெயர் என்ன, விலை குறைந்தது இருக்கிறதா?” என்று கேளுங்கள், அரச மருந்துக் கடையான ஒசுசலவிலும் விசாரியுங்கள். கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்த பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை வழிநடத்த வந்ததே இதற்காகத்தான். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

பண்டாரவளை, தனியார் டிஸ்பென்சரி டொக்டர்: சந்தாவைக் கூட்டினால் ஆள் வராதே?

விருந்தை வெட்டுங்கள், சந்தாவைக் கூட்ட வேண்டியிருக்காது. பேச்சாளர் கொழும்பிலிருந்து சூமில் பேசட்டும். கம்பனியிடம் வாங்கினால், யாரிடம் எவ்வளவு என்று ஆண்டுக் கணக்கறிக்கையில் தனி வரியாகப் போடுங்கள். அந்த வரியைப் போடத் தயங்குகிற காசை முதலிலேயே வாங்காதீர்கள்.