பிக்கப் வண்டியில் ஸ்டியரிங்கும் சஸ்பென்ஷனும் ஏன் சீக்கிரம் தேய்கின்றன?

சக்கரம் வாங்கும் அதிர்வு வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்கு அப்படியே போகாமல் தாங்கிக்கொள்வதுதான் சஸ்பென்ஷன். பட்டை ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ், பால் ஜாயின்ட் எனும் உருண்டை மூட்டு எல்லாம் அதில் சேரும். சக்கரத்தைத் திருப்பும் டை ராடின் முனையிலும் இதே மாதிரி உருண்டை மூட்டு உண்டு. நம் முழங்கால் போலத்தான், உள்ளே வழவழப்பு இருக்கும்வரை சத்தமில்லாமல் உழைக்கும்.

டெல்டாவில் அதைக் கெடுப்பது முக்கியமாகச் சேறு. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் அறுவடை நேரத்தில் வாய்க்கால் கரையில் இறங்காமல் நெல் ஏற்ற முடியாது. அந்த உருண்டை மூட்டின் மேல் இருக்கும் ரப்பர் உறையில் நகம் அளவு கிழிசல் போதும். வண்டல் தண்ணீர் உள்ளே போய், கிரீஸை அரைக்கும் பசையாக்கிவிடும். உறையை விலக்கித் தொட்டால் துரு நிறத்தில் விரலில் நறநறக்கும். அப்புறம் பாரம். 40 கிலோ மூட்டை பத்து கூடுதலாக ஏற்றினாலே 400 கிலோ. குழியில் இறங்கும்போது அடி இன்னும் பலமாக விழும்.

முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்துவிட்டு ஆட்டிப் பாருங்கள். இடம் வலமாக ஆடினால் பெரும்பாலும் டை ராட் முனை. மேல் கீழாக ஆடினால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். சேற்றில் ஓடிய அன்றே அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் சின்ன முனை) இருக்கும் இடங்களில் புது கிரீஸ் அடியுங்கள். கிழிந்த உறையைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள், ஓட்டத்தில் மூட்டு கழன்றால் சக்கரம் கைக்கு அடங்காது.

சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட் பார்த்தாலே ஆட்டம் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். தேய்ந்த மூட்டை மாற்றாமல் செய்த அலைன்மென்ட் நிற்காது.